அக்கா, குளிசை போட்டீங்களோ?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே மண்டபத்தில் பேச்சுப் போட்டிக்கு ஏறிக் கால் நடுங்க நின்றவள் நான். இன்று ஓய்வுபெற்ற தாதியாக நிற்கிறேன். எடுத்துக்கொண்ட விடயம் உயர் குருதி அமுக்கம். வீட்டில் நாங்கள் 'பிறஷர்' என்று சொல்வது.

இருதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது நாடிச் சுவரில் ஏற்படும் அமுக்கம் மேல் எண். இருதயம் தளரும்போது இருப்பது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் அமுக்கம் என்கிறோம். பெரும்பாலானோருக்கு வலியும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை. அளந்தால்தான் தெரியும். தெரியாமலே மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

என் அக்காவும் இப்பாடசாலையில் படித்தவர். 52 வயதில் அவருக்குப் பிறஷர் என்று கண்டார்கள். கிளினிக்குக்குப் போனார், மூன்று மாதம் குளிசை போட்டார், எண் இறங்கியது. "இப்ப சுகமாத்தானே இருக்கிறன், இனி என்னத்துக்கு மருந்து?" என்று தானாகவே நிறுத்திவிட்டார். குளிசை போட்டபடியால்தான் எண் இறங்கியது என்பது அவருக்கு விளங்கவில்லை. இரண்டு வருடத்தின் பின் ஒரு நாள் காலை, தேத்தண்ணீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. பாரிசவாதம். மகளின் கலியாணக் கார்ட்டுகளுக்கெல்லாம் தன் கையால் விலாசம் எழுதியவர், இன்று இடது கையால் கையொப்பம் வைக்கப் பழகுகிறார்.

அந்த இரண்டு வருடமும் கிளினிக்கில் வந்தவர்கள் எல்லோரிடமும் "குளிசை போட்டீங்களோ?" என்று கேட்டவள் நான். அக்காவிடம் கேட்கவில்லை. படித்தவர்தானே, தெரியும்தானே என்று இருந்துவிட்டேன்.

அறிந்திருப்பது வேறு, நாள்தோறும் செய்வது வேறு. ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன். வைத்தியர் சொல்லாமல் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பக்கத்து வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம். முழங்கால் நோவுக்குப் போடும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை அமுக்கத்தை ஏற்றக்கூடும்; கேட்டுத்தான் போட வேண்டும். கர்ப்ப காலத்தில் பிறஷர் இருந்தவர்களுக்குப் பின்னாளில் அது வரும் வாய்ப்புக் கூட. பிள்ளை வளர்ந்த பிறகும் அளந்து பார்க்க வேண்டும்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கறிக்குப் போடுவது மட்டும் கணக்கல்ல. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், பாண் எல்லாம் அந்தத் தேக்கரண்டிக்குள் அடக்கம். சோற்றுக்கு உப்புப் போடாமல் தொடங்குங்கள். சம்பலுக்கு உப்பைக் குறைத்துத் தேசிப்புளியைக் கூட்டுங்கள்.

வீட்டில் அளப்பவர்கள் தேத்தண்ணீர் குடித்த கையோடு அளக்க வேண்டாம். அரை மணித்தியாலம் போகட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் நிலத்தில் படிய இருந்து, கையை இருதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளவுங்கள். எண்ணைக் கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது, கண்ணீர் அஞ்சலியும் வருகிறது. இரண்டுக்கும் இடையில், மாதத்தில் ஒரு நாள், "அளந்தனீங்களோ? குளிசை போட்டீங்களோ?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். லண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் கேட்கலாம்.

இப்போது நான் அக்காவிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். "போட்டுட்டன். நீ போட்டியோ?" என்று அவர் திருப்பிக் கேட்பார். எனக்கும் பிறஷர்தான்.