பிள்ளைகளின் நோட்ஸை யார் எழுத வேண்டும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் சேமிப்பு இருக்கு, வங்கிக் கடன் இருக்கு, தணிக்கை இருக்கு. இதற்கு நடுவில் "பிள்ளைகளின் படிப்புக் குறிப்பு" என்று ஒன்று எதுக்கு என்று சிலர் கேட்டீங்க. காரணம் உங்கள் கடன் பதிவேட்டிலேயே இருக்கு. ஜூன், ஜூலை மாதங்களில் உள்கடன் எதற்காக என்ற கட்டத்தைப் பார்த்தால் "பள்ளிச் செலவு, பள்ளிச் செலவு" என்று வரிசையாக வருது. அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம்தானே, பிறகு என்ன செலவு என்று கேட்டால், "பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அஞ்சு பாடத்துக்கும் கைடு வாங்கணும், ஜெராக்ஸ் நோட்ஸ் வாங்கணும்" என்று சொல்றீங்க.

பிள்ளை படிப்புக்குக் கடன் வாங்குவது தப்பே இல்லை. ஆனால் கடன் வாங்கி வாங்கிய கைடு பிள்ளையின் மண்டையில் ஏறுதா, பையிலேயே கிடக்குதா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

பத்தாம் வகுப்பு என்பது என்ன?

தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று 5 பாடம். பாடத்துக்கு 100 வீதம் 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்திருக்காங்க.

நம் ஊர்களில் இந்த 35-க்கு எவ்வளவு பெரிய விலை என்பது உங்களுக்கே தெரியும். பையன் ஒரு பாடத்தில் போய்விட்டால் "டுட்டோரியல் சேர்த்துவிடலாம்" என்கிறோம். பெண் பிள்ளை போய்விட்டால் "படிச்சது போதும், நல்ல இடம் வந்திருக்கு" என்ற பேச்சு வந்துவிடுது. ஒரு பாடத்தில் குறைந்த 5 மதிப்பெண் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிவிடுது. அதனால்தான் நோட்ஸ் என்ற சின்ன விஷயத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் எடுத்திருக்கோம்.

பார்த்து எழுதிய தீர்மானம்

குழுவில் தீர்மான நோட்டு எப்படி எழுதுகிறோம்? கூட்டத்தில் யார் என்ன பேசினாங்க, யாருக்குக் கடன், எத்தனை தவணை என்று நாமே கேட்டு, நாமே எழுதுகிறோம். ஆடிட்டர் வந்து "இந்தக் கடன் ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே பதில் சொல்கிறோம். பக்கத்துக் குழுவின் தீர்மானத்தை அப்படியே பார்த்து எழுதினால்? கையெழுத்து அழகாக இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் முழிப்போம்.

கடையில் வாங்கும் நோட்ஸும் அப்படித்தான். யாரோ ஒருத்தர் பாடத்தைப் படித்து, எது முக்கியம் என்று யோசித்து, சுருக்கி எழுதியிருக்கார். அந்த யோசிக்கிற வேலையில்தான் படிப்பே இருக்கு. அந்த வேலையை அவர் செய்துவிட்டார். நம் பிள்ளை விடையை மட்டும் மனப்பாடம் பண்ணுது. தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடுது. 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்த பிறகு, பாடத்துக்குள்ளிருந்து கேட்கும் கேள்விகளைச் சமாளிக்கப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டியிருக்கு.

கைடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாடத்தைப் படித்து முடித்த பிறகு, மாதிரி வினா போட்டுப் பார்க்க அது உதவும். அதுக்கு ஐந்து வீட்டுக்கு ஒரு கைடு போதும், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

நோட்ஸ் எழுதும் முறை

ஒரு 80 பக்க நோட்டு போதும். பக்கத்தில் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. வலது பக்கம் பாடத்தில் உள்ளதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுத வேண்டும். இடது பக்கம் அதற்கான கேள்வியை எழுத வேண்டும். கீழே இரண்டு வரியில் அந்தப் பக்கத்தின் சாரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் 1950-களில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது.

படிக்கும்போது வலது பக்கத்தை ஒரு அட்டையால் மூடிவிட்டு, இடது பக்கக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இதுதான் உயிர்நாடி. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தாங்க. ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு பிரிவு வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவங்கதான் கூடுதலாகச் சொன்னாங்க. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவங்க மனதில்தான் அதிகம் தங்கியிருந்தது. நம் பிள்ளை "ராத்திரி படிச்சேம்மா, எல்லாம் தெரிஞ்சது, பரீட்சையில் மறந்து போச்சு" என்று அழுவதற்குக் காரணம் இப்போ புரியுதா?

பாடத்துக்குப் பாடம் நோட்ஸ் மாறும்

தமிழ்: இலக்கணத்துக்கு விளக்கம் ஒரு வரி, சொந்த உதாரணம் ஒன்று. தொகைநிலைத் தொடர் 6 வகை: வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி. இதில் வினைத்தொகைக்கு நம் வீட்டு ஊறுகாயே உதாரணம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துது இல்லையா? அண்ணன் தம்பி என்றால் அண்ணனும் தம்பியும். "உம்" மறைந்திருப்பதால் அது உம்மைத்தொகை. மனப்பாடப் பாட்டுக்கு ஒவ்வொரு சீரின் முதல் எழுத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் சொல்லிப் பார்க்கலாம்.

ஆங்கிலம்: ஒரு நாளைக்கு 5 புது வார்த்தை. வார்த்தை, தமிழ்ப் பொருள், அதை வைத்துச் சொந்தமாக ஒரு சின்ன வாக்கியம். நீளமான கட்டுரையை அப்படியே நெட்டுருப் போட்டால் நடுவில் ஒரு வரி மறந்ததும் எல்லாமே போய்விடும். பத்திக்கு நாலு குறிப்பு வார்த்தை எழுதி, அதிலிருந்து வாக்கியம் அமைக்கப் பழக வேண்டும்.

கணிதம்: இது வாசித்து வராது, கையால் போட்டால்தான் வரும். இதுக்கு இரண்டு நோட்ஸ் போதும். ஒன்று சூத்திரப் பக்கம். இன்னொன்று தவறு நோட்டு. எந்தக் கணக்கில் எந்த வரியில் தப்பு வந்தது என்று சிவப்பு மையில் எழுதி வைப்பது. சூத்திரத்தையும் புரிந்து எழுதலாம். ஒரே அளவு வாயும் ஒரே உயரமும் கொண்ட ஒரு கூம்பும் ஒரு உருளையும் எடுத்துக்கோங்க. கூம்பால் மூன்று முறை அளந்து அரிசி கொட்டினால் உருளை நிறையும். அதனால்தான் கூம்பின் கன அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அட்டையைச் சுருட்டி ஒட்டி வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. மொத்தம் 30. கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளை இந்த மூன்றில் கை தேர்ந்தால் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அறிவியல்: படமும் அட்டவணையும். இதயத்தைப் பென்சிலால் வரைந்து 4 அறைக்கும் பெயர் எழுத வேண்டும். பிறகு பெயர் இல்லாத படம் வரைந்து தானாக நிரப்பிப் பார்க்க வேண்டும். வேறுபாடு கேட்கும் கேள்விக்கு நடுவில் கோடு போட்ட இரண்டு பத்தி. காரணம் கேட்கும் கேள்விக்கு வீட்டுப் பொருள்: இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். கேட்டுக்கு ஏன் பெயின்ட் அடிக்கிறோம் என்று பிள்ளையைக் கேட்டால் பதில் தானாக வரும்.

சமூக அறிவியல்: வரலாற்றுக்கு ஒரு நீளக் கோடு. 1806 வேலூர்ப் புரட்சி, 1857 பெரும் புரட்சி, 1885 காங்கிரஸ் தோற்றம், 1905 வங்கப் பிரிவினை, 1919 ஜாலியன் வாலாபாக், 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம், 1942 வெள்ளையனே வெளியேறு, 1947 விடுதலை. இதைச் சாக்பீசால் சுவரிலேயே எழுதி வைக்கலாம். புவியியலுக்கு இந்தியா, தமிழ்நாடு வரைபடங்களை வாரம் ஒரு முறை நிரப்ப வேண்டும்.

எழுத்து தெரியாத அம்மா என்ன செய்வது?

ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டாங்க: "நான் கைநாட்டு. அவ நோட்டுல என்ன எழுதியிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா, நீங்க நோட்டைப் பார்க்கவே வேண்டாம். நோட்டை மூடிவிட்டு உங்களுக்குப் பாடம் சொல்லச் சொல்லுங்க. நீங்க கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்க. கேட்க மூன்று கேள்வி போதும்: "அப்படின்னா என்ன? ஏன் அப்படி? நம்ம ஊர்ல அதை எங்க பார்க்கலாம்?" பிள்ளை எங்கே திக்கி நிற்குதோ, அந்த இடம் இன்னும் படிக்கவில்லை. அதுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க. ஒன்றும் தெரியாத ஒருத்தருக்குப் புரிய வைத்தால் அந்தப் பாடம் பிள்ளைக்கு முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வேலைக்குப் படித்த அம்மாவைவிட நீங்கதான் பொருத்தம்.

அதே பாடத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பக் கேளுங்க. தேதிக் காலண்டரில் ஒரு குறி போட்டால் மறக்காது. தவணை தேதியை நாம் மறக்கிறோமா என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கு. பெண் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் தண்ணி எடுக்கணும், பாத்திரம் தேய்க்கணும், தம்பியைப் பார்க்கணும். எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொக்குது. தினம் ஒரு மணி நேரம், விளக்கு வெளிச்சம் உள்ள இடத்தில், யாரும் வேலை ஏவாத நேரமாக அவளுக்குக் கொடுங்க. அந்த ஒரு மணி நேரம் பையனும் ஒரு குடம் தண்ணி எடுக்கட்டும். எந்த நோட்ஸையும்விட அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் பெரிய உதவி.

தேர்ச்சி பெறவில்லை என்றால்?

ஒரு பாடத்தில் போனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதலாம். ஐந்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த வாரமே பள்ளிக்குப் போய் விண்ணப்பிக்கணும். தள்ளிப்போட்டால்தான் கல்யாணப் பேச்சு உள்ளே நுழையுது. 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். அதற்கு முன்பாகவே குழுவில் எல்லாரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு குழுவும் எடுக்க வேண்டும்.

2. கைடுக்காகத் தனித்தனியாகக் கடன் எடுக்காமல், ஐந்து வீட்டுக்கு ஒரு செட் என்று குழுவே பொதுவில் வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

3. வாரத்தில் ஒரு நாள் மாலை, குழுக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நோட்டை மாற்றிக்கொண்டு கேள்வி கேட்கட்டும். பிளஸ் டூ, கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் கூட இருக்கட்டும். அம்மாக்கள் இருவர் முறை வைத்து உட்காருங்கள்.

இதைத் தீர்மானமாக எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எத்தனை பிள்ளைகள், எத்தனை நோட்டு என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தை மட்டும் பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதிவிடாதீங்க!