மறையாத மாண்டலின் நாதம்

(நம் பங்கின் யூபிலி விழா இசை மாலையில் ஆற்றப்பட்ட உரை)

 

இசையைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். இசையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, ஓர் இசைக் கலைஞரைப் பற்றிப் பேசுவது நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன். வாசித்த கருவியின் பெயரே தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட மாண்டலின் ஸ்ரீநிவாஸ்தான் அவர். நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். தம் சமயத்தில் ஆழ்ந்த பக்தி கொண்டவர். ஆயினும் கிதாரும் கீபோர்டும் வயலினும் கையில் ஏந்தி நிற்கும் நம் இளைஞர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

ஆந்திர மாநிலம் மேற்குக் கோதாவரி மாவட்டத்துப் பாலகொல்லு என்னும் ஊரில் 1969 பிப்ரவரி 28 அன்று அவர் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா ஓர் இசைக் கலைஞர். வீட்டில் தந்தையின் மாண்டலின் இருந்தது. பள்ளிப் பருவம் தொடங்கும் வயதிலேயே சிறுவன் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். 'எடுக்காதே, உடைத்துவிடுவாய்' என்று தந்தை தடுக்கவில்லை. மகனிடம் இருப்பது விளையாட்டு ஆசை அன்று என்பதை உணர்ந்து, ருத்ரராஜு சுப்பராஜு என்ற ஆசிரியரிடம் ஒப்படைத்தார்.

இங்கேதான் ஒரு வியப்பு. சுப்பராஜு அவர்கள் செம்பை வைத்தியநாத பாகவதர் மரபில் வந்த பாடகர். மாண்டலின் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் பாடுவார்; பாடியதைச் சிறுவன் தந்தியில் எடுப்பான். ஆசிரியரின் குரல் எங்கே வளைகிறதோ அங்கே மாணவனின் விரலும் வளைய வேண்டும். இப்படித்தான் அந்தக் கருவி பாடக் கற்றுக்கொண்டது!

இதன் அருமை விளங்க வேண்டுமானால் மாண்டலினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தாலி நாட்டில் பிறந்த கருவி அது. வெனிஸ் நகரில் வாழ்ந்த விவால்டி, செந்நிறத் தலைமுடியால் 'சிவப்புக் குருவானவர்' என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்கக் குரு, அந்தக் கருவிக்கென்றே இசை இயற்றியிருக்கிறார். அவர் மறைந்தது 1741இல். அத்தனை பழைமை உடையதாயினும் நம் கர்நாடக இசைக்கு அது இலகுவில் பொருந்தக்கூடிய கருவி அன்று. நம் இசையில் ஒரு சுரம் அசையாமல் நிற்பதில்லை. ஆடும், வழுக்கும், அடுத்த சுரத்தைத் தொட்டு மீளும். அதைத்தான் கமகம் என்கிறோம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தைக் கொண்டுவரலாம். மாண்டலினோ சிறியது. அதன் எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாக இறுகக் கட்டியவை. மீட்டிய ஒலி மறு நொடியே அடங்கிவிடும்.

ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி விரலுக்கு இணங்கும். மின்சாரத்தால் ஒலி நீண்டு நிற்கும். கருவி மாறியது பாதி. மீதிப் பாதி இடைவிடாத பயிற்சி. தோடி, காம்போதி போன்ற கனமான இராகங்களையும் அந்தச் சின்னக் கருவியில் அவர் வாசித்துக் காட்டினார்.

1978ஆம் ஆண்டு குடிவாடாவில் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. அப்போது வயது ஒன்பது. 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் மேடையில் வாசித்தபோது வயது பன்னிரண்டு. மேலைநாட்டுக் கருவிக்கு நம் சங்கீத மேடையில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. அந்தச் சிறுவன் யாரோடும் வாதாடவில்லை, வாசித்தான். சபாக்கள் கதவைத் திறந்தன. மியூசிக் அகாடமி உள்பட நம் நகரத்து மேடைகளில் ஆண்டுதோறும் அவர் கச்சேரிக்கென்று கூட்டம் காத்திருந்தது.

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஐரோப்பியரிடமிருந்து வயலினைக் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அவ்வாறே நம் திருச்சபையும் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று கூறியது. நம் ஆலயங்களில் மிருதங்கமும் தபேலாவும் ஒலிக்க அது துணைசெய்தது. அவர்கள் கருவி நம் சபாவுக்கு வந்தது. நம் கருவி ஆலயத்துக்கு வந்தது. கருவிக்குச் சாதியும் இல்லை, ஊரும் இல்லை. உழைப்பவன் கையில் அது அவனுடைய மொழியைப் பேசும்.

1983இல், பதினான்கு வயதில், மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் அவர் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜான் மெக்லாஃப்லின், தபேலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'ரிமெம்பர் சக்தி' குழுவில் உலகெங்கும் சென்றார். தம் தம்பி ராஜேஷுக்கு மாண்டலினைக் கற்பித்து, மேடையில் தம் அருகே அமர்த்திக்கொண்டார். இன்னும் பல மாணவர்களையும் உருவாக்கினார். இத்தனைக்கும் மேடையில் ஆரவாரம் கிடையாது. ஒரு புன்னகை, ஒரு வணக்கம், பிறகு இசை. அவ்வளவுதான்.

2014 செப்டம்பர் 19. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் அவர் சென்னையில் காலமானார். வயது நாற்பத்தைந்து.

அன்பார்ந்தவர்களே! இப்படி இழப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. நாடக மேடையைத் தம் குரலால் ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். 'கருத்தம்மா' படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்ற சுவர்ணலதா 2010இல் முப்பத்தேழு வயதில் மறைந்தார். கர்நாடக இசையில் நாற்பத்தைந்து என்பது கனி பழுக்கும் பருவம். செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பது வயதைக் கடந்தும் பாடினார். அந்தக் கணக்கில் பார்த்தால், ஸ்ரீநிவாஸ் நமக்குத் தந்திருக்க வேண்டிய முப்பது, நாற்பது ஆண்டு இசை நமக்குக் கிட்டாமலே போயிற்று. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரைச் சேரவில்லை. 'இளைஞர்தானே, பிறகு கொடுக்கலாம்' என்று நாம் பலருக்கும் நினைக்கிறோம். அந்தப் 'பிறகு' எல்லோருக்கும் வருவதில்லை.

ஆனால் மற்றொரு கணக்கையும் பாருங்கள். 1978 முதல் 2014 வரை முப்பத்தாறு ஆண்டுகள் அவர் மேடையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குள் முப்பத்தாறு ஆண்டுப் பணி! இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு தந்தை தடுக்கவில்லை. ஓர் ஆசிரியர், 'எனக்கு இந்தக் கருவி தெரியாது' என்று கைவிடவில்லை. ஒரு சிறுவன், 'நாளை பார்க்கலாம்' என்று சோம்பியிருக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை ஒரு கருவியைக் கேட்டால், 'பரீட்சை எல்லாம் முடியட்டும்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். படிப்பு வேண்டும், மறுக்கவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் இசைக்கும் ஒதுக்கலாம் அல்லவா?

பாடற்குழுத் தம்பி தங்கையரே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். விலை உயர்ந்த கருவி வந்த பிறகு பயிற்சி செய்வோம் என்று காத்திராதீர்கள். வீட்டில் இருந்த மாண்டலினில்தான் அவர் தொடங்கினார். சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு ஒரே ஒரு பாடலைச் செம்மையாகக் கற்று வாருங்கள்.

பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் செருப்பைத் தேடி விரைகிறோம். ஒரு நிமிடம் நின்று, கீபோர்டு வாசித்த பிள்ளையிடம், 'இன்று மிக நன்றாக இருந்தது தம்பி' என்று சொல்லுவோம். பொன்னாடையும் இரங்கல் கூட்டமும் பிறகு இருக்கட்டும். கேட்கும் காது இருக்கும்போதே பாராட்டுவோம்.

இனி என் பேச்சு போதும். பிள்ளைகள் பாடக் காத்திருக்கிறார்கள்.