ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்



சென்ற திங்களில் ஒரு நாள் காலை என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அமேசான் நிறுவனத்தின் ‘பிரைம்’ என்னும் உறுப்பினர் திட்டத்திற்கு, வரும் ஆண்டின் கட்டணமாக 1,499 ரூபாய் இன்னும் நான்கு நாளில் என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் என்பது அதன் சாரம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குக் கற்பித்து, அவற்றுள் இறுதி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனினும், இதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் சிறிய வினாவுக்கு எனக்கு உடனே விடை தோன்றவில்லை. விடை காண முயன்றபோது நான் செய்த பிழையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். வகுப்பறையில் ஆசிரியர் தம் பிழையைத் தாமே சொல்வது அரிது. வானொலியில் கேட்போரின் முகம் தெரிவதில்லை. ஆதலின் துணிவு பிறக்கிறது.

கடையில் பொருள் வாங்குவதற்கு முன்பே கடைக்காரருக்குக் கட்டணம் செலுத்துவது என்றால் நம் முன்னோர் நகைத்திருப்பர். ஆனால் இம்முறை புதியதன்று. 1976இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில், சால் பிரைஸ் என்பவர் ஒரு பெருங்கடை தொடங்கினார். ஆண்டுக்கு 25 டாலர் செலுத்திய உறுப்பினருக்கே அங்கு வாயில் திறக்கும். கட்டணம் செலுத்தியவன் அதை மீட்க வேண்டும் என்று எண்ணி மீண்டும் மீண்டும் அக்கடைக்கே வருவான் என்பது வணிகர் கண்ட உண்மை. அமேசான் 2005 பிப்ரவரியில் ஆண்டுக்கு 79 டாலர் பெற்றுக்கொண்டு, இரண்டு நாளில் தனிக்கூலியின்றிப் பொருளைச் சேர்க்கும் திட்டத்தை அந்நாட்டில் தொடங்கியது. 2022இல் அக்கட்டணம் 139 டாலர் ஆயிற்று. நம் நாட்டிற்கு இத்திட்டம் 2016 ஜூலையில் வந்தது. தொடக்கச் சலுகைக் கட்டணம் 499 ரூபாய், பின்னர் 999, 2021 டிசம்பரில் 1,499. இதனோடு சேர்த்துத் தரப்படும் திரைப்படங்களுக்கிடையே 2025 ஜூனிலிருந்து விளம்பரங்களும் வருகின்றன. அவை வேண்டா என்பவர் தனியே பணம் கட்டிக்கொள்ளலாம்.

‘உறுப்பினர்’ என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு என் தந்தையாரின் நினைவு வரும். அவர் எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் உறுப்பினர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844இல் இருபத்தெட்டுப் பேர் கூடி ஒரு கடை வைத்தனர். ஆளுக்கொரு பவுன் போட்டனர். அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப இலாபத்தைப் பகிர்ந்துகொண்டனர். சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததே. அங்கே உறுப்பினர் என்றால் பங்கு உண்டு, வாக்கு உண்டு. என் தந்தையார் பொதுக்குழுக் கூட்டத்திற்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போவார். அரிசியில் கல் இருந்தால் எழுந்து நின்று கேட்பார். இப்போதைய உறுப்பினருக்குப் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று மயங்க வேண்டா என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் இதில் சேர்ந்தது 2020இல். கொரோனாத் தொற்று எங்கும் பரவியிருந்த காலம். என் துணைவியார் நெடுநாளாக ஆஸ்துமாவால் துன்புறுபவர். சர்க்கரை நோயும் உண்டு. வெளியே சென்று வந்தால் நோயை வீட்டிற்குள் கொண்டுவந்துவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு. சர்க்கரை அளவைப் பார்க்கும் பட்டைகள், சோப்பு, எழுதுதாள் முதலிய யாவும் வாயிற்படிக்கே வந்தன. அந்நாளில் கட்டணம் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. தொற்று தணிந்தது, அச்சமும் தணிந்தது, கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தானாகவே போய்க்கொண்டிருந்தது. தானாகப் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பாவது வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. எனக்கும் செய்திகள் வந்திருக்கின்றன. நான்தான் படிக்கவில்லை.

இம்முறை படித்தேன். வரவு செலவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓராண்டில் முப்பத்தேழு முறை பொருள் வந்திருந்தது. உறுப்பினர் அல்லாதவர் சிறு பொருளுக்குத் தரவேண்டிய கூலியை ஒரு முறைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பெருக்கினேன்: 1,480. கட்டணத்திற்கும் இதற்கும் பத்தொன்பது ரூபாய்தான் வேறுபாடு. அதற்குப் படங்கள் ஈடாகும். “தொடரலாம்” என்று துணைவியாரிடம் தாளை நீட்டினேன்.

அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாளைப் பார்த்துவிட்டு, “இந்தச் சந்தா இல்லாமல் இருந்திருந்தால் இந்த முப்பத்தேழில் எத்தனை வாங்கியிருப்போம்?” என்று கேட்டார்.

நான் போட்ட பெருக்கலில் பிழையில்லை. பிழை வினாவில் இருந்தது. நோட்டை மீண்டும் திறந்தேன். முப்பத்தேழில் பதினான்கு, விலை மிகுந்தவை. உறுப்பினர் அல்லாதவருக்கும் கூலியின்றியே வந்திருக்கும். எஞ்சியவை இருபத்து மூன்று. அவற்றுள் பன்னிரண்டைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. எலுமிச்சை பிழியும் கருவி ஒன்று. அது முன்னமே வீட்டில் இருந்தது. ஒரே வாரத்தில் மூன்று தனித்தனிப் பொட்டலங்களாக வந்த பேனா, அதன் மை, அதற்கு ஓர் உறை. கூலி இல்லையே என்பதால் வாங்கியவை அவை. வேண்டும் என்பதால் அல்ல. அப்பன்னிரண்டின் விலை மட்டும் 3,870 ரூபாய். உண்மையில் கூலி மிச்சமானது பதினொரு முறையே. பதினொன்றை நாற்பதால் பெருக்கினால் 440. அவற்றையும் ஒரு வாரம் பொறுத்துச் சேர்த்து வாங்கியிருந்தால் அந்தக் கூலியும் பெரும்பாலும் நேர்ந்திராது.

நீங்கள் கல்லூரியில் பொருளியல் பயில்வீர்களானால், செலவழிந்து மீளாத பணத்தை ‘மூழ்கிய செலவு’ என்று குறிப்பிடுவதைக் காண்பீர்கள். போன பணத்தை மீட்பதாக எண்ணி மேலும் பணத்தைப் போடுவது மனித இயல்பு. நான் அதற்கு ஒரு படி மேலே போய், அப்படிப் போட்ட பணத்தையே இலாபக் கணக்கில் எழுதியிருந்தேன்! இத்தகைய விடைத்தாளை ஒரு மாணவன் தந்திருந்தால் எத்தனை மதிப்பெண் இட்டிருப்பேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

படங்களின் பகுதி எளிதில் முடிந்தது. பிற்பகலில் படம் பார்ப்பவர் அவர், நான் தூங்குபவன். “விளம்பரம் வரத் தொடங்கிய பின் நான் அதிகம் பார்ப்பதில்லை” என்றார். எஞ்சியது சர்க்கரைப் பட்டை. அது திங்கள்தோறும் தவறாமல் வேண்டியது.

அன்று மாலை கடைத்தெருவிலுள்ள மருந்துக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் என் பழைய மாணவர். பின்வரிசையில் அமர்ந்து பின்னக் கணக்கில் என்னை மிகவும் வருத்தியவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். “சார், நீங்கள் ஊரிலேயே இல்லை என்று நினைத்தேன். மகனோடு போய்விட்டீர்கள் என்று யாரோ சொன்னார்கள்” என்றார். அவர் கடைக்கும் என் வீட்டிற்கும் நடுவே இரண்டு தெருக்கள். ஐந்து ஆண்டுகளாக நான் அவற்றைக் கடக்கவில்லை. பட்டையின் விலை அங்கே பெட்டிக்கு ஐம்பது ரூபாய் கூடுதல். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. தொலைபேசியில் சொன்னால் பையனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். தாமே முன்வந்து இருபது ரூபாய் குறைத்தார். நான் கேட்கவில்லை.

இதைக் கேட்டு எல்லாரும் உடனே விலகிவிட வேண்டும் என்று கருதிவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டில் அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் தனித்து வாழ்கிறார். முழங்கால் நோயால் படியிறங்க இயலாதவர். அவர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவர் வாங்குபவை யாவும் சிறியவை, வேண்டியவை, அடிக்கடி வேண்டியவை. “தொடருங்கள்” என்றே சொன்னேன். ஒரே கட்டணம் ஒரு வீட்டிற்கு வீண். மற்றொரு வீட்டிற்குக் கைத்தடி.

விலகுவது பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்நிறுவனத்தின் மீது 2023இல் வழக்குத் தொடுத்தது. தெளிவான ஒப்புதலின்றி உறுப்பினராகச் சேர்த்தது, விலகும் வழியைச் சிக்கலாக்கியது என்பன குற்றச்சாட்டுகள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில், 250 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கு. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை மயக்கும் உத்திகள் பதின்மூன்றைத் தடுத்து விதி வகுத்தது. ‘சந்தாப் பொறி’ அவற்றுள் ஒன்று. எந்தத் திட்டத்திலும் சேரும் நாளிலேயே விலகும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இரவு நான் விலகினேன். இரண்டு வாரம் சென்றபின் ஒரு நாள் இரவு, படிக்கும் விளக்கின் பல்பு அணைந்துவிட்டது. பழக்கத்தால் கை கைப்பேசியைத் தேடியது. “நாளை பட்டை வாங்கப் போவீர்களே, அப்போது வாங்கிக்கொள்ளலாம்” என்றார் துணைவியார். புத்தகத்தில் அடையாளம் வைத்து மூடிவிட்டு, அன்று முன்னேரத்திலேயே படுத்துவிட்டேன்.