விரல்நுனி சொல்லாத கணக்கு



பேறுகாலத்தில் குருதி இழந்து மறைந்த தாயின் நினைவாக அவருடைய மக்கள் நிறுவிய அறக்கட்டளை இது. அதனால் குருதியைப் பற்றியே பேச வந்தேன்.

கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி நுழைந்தது. விரலில் மாட்டி 98 என்று பார்த்தால் மனம் ஆறும். அந்த 98 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் குருதிக்குள் போய்வர வேண்டும்.

ஆக்சிஜன் நீரில் எளிதில் கரையாது. 100 மில்லி குருதியின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது ஏறத்தாழ 0.3 மில்லிதான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலுக்கே நிமிடத்துக்கு 250 மில்லி தேவை. கரைந்ததை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும். அது இறைப்பதோ 5 லிட்டர். இந்த இடைவெளியை நிரப்புவது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அதில் ஒரு கிராம் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் இருந்தால் 100 மில்லி குருதியில் கிட்டத்தட்ட 19 மில்லி.

இரும்பும் ஆக்சிஜனும் ஈரத்தில் சந்தித்தால் துரு ஏறும், பிறகு பிரிவதில்லை. ஹீமோகுளோபினில் இருப்பதும் இரும்புதான். ஆனால் புரத மடிப்பு ஒன்று அதைப் பொத்தி வைத்திருப்பதால், நுரையீரலில் பற்றிய ஆக்சிஜனைத் தசையில் விட்டுவிட அதனால் முடிகிறது. பற்றுவதைவிட இப்படி விடுவதே எனக்குப் பெரும் வியப்பு. 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் குழுவினர் காட்டியது இது: கரியமில வாயு மிகுந்த இடத்தில் ஹீமோகுளோபின் பிடி தளர்கிறது. உழைக்கும் தசை கரியமில வாயுவை அதிகம் வெளியிடும். அங்கேதான் ஆக்சிஜனும் அதிகம் இறங்கும்.

1938-இல் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தார். ஊதா நிறத் தகடுகள். காற்று பட்டதும் அவை கரைந்து, செந்நிற ஊசிகளாக மறுபடி உருவாயின. ஆக்சிஜன் நுழைந்தால் மூலக்கூறே வடிவம் மாறுகிறது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு இருக்கைகள். முதலாவது நிரம்புவது கடினம். அது நிரம்பினால் மற்றவை இளகிக் கொடுக்கும். வியன்னாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் உழைத்த மேக்ஸ் பெரூட்ஸ், 1937-இல் தொடங்கிய ஆய்வில் இந்த மூலக்கூறின் அமைப்பை 1959-இல்தான் கண்டார். 22 ஆண்டுகள்! மாணவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி 98-க்கு வருவோம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும். விரலில் செவ்வொளியும் அகச்சிவப்பும் பாய்ச்சி, இருக்கும் இருக்கைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. பேருந்து நிரம்பி வழிகிறது என்றால், ஊருக்கு எத்தனை பேருந்து ஓடுகிறது என்று தெரிந்துவிடுமா? ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கிய பெண்ணின் விரலும் 98 காட்டலாம். அவள் 100 மில்லி குருதியில் இருப்பதோ 9 மில்லி ஆக்சிஜன். பாதி! குறையை ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வேலைக் களைப்பு" என்று வீடு அதைக் கடந்துபோகிறது. அந்த நிலையில் பிரசவ மேசைக்குப் போகிறவளுக்கு, இழக்கக் கையிருப்பு இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மூலக்கூறின் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடம் தெரிந்த காலத்தில் இந்த எண் நமக்கு அவமானம்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் மனைவியிடம், மகளிடம், மருமகளிடம் கேளுங்கள்: "ஹீமோகுளோபின் எவ்வளவு?" பதில் தெரியாவிட்டால் நாளைக் காலை அழைத்துப் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சோதனைக்குக் கட்டணம் கிடையாது.