அப்பாவின் சட்டையும் பச்சை மண்ணும்

எங்க ஊர் விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர் போன ஊர். அப்பா பொம்மை வார்க்கிறவர். அவரோட நீலக் காட்டன் சட்டை காலர் கிழிஞ்சு, முதுகு நைஞ்சு போச்சு. ஆனா தூக்கிப் போட விடமாட்டார். அதே மாதிரி ஒண்ணு தைப்போம்னு தையலை எல்லாம் பிரிச்சேன். ஒவ்வொரு துண்டுக்கும் இஸ்திரி போட்டு, நியூஸ்பேப்பர்ல வச்சு வரைஞ்சேன். (பிரிச்ச துண்டுலயே தையலுக்கு விட்ட துணி இருக்கும், தனியா விட வேண்டாம்.) கை மாட்டத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

போட்டுப் பார்த்தார், கச்சிதம். முதல் சலவைக்கு அப்புறம் பட்டன் போட முடியல! பழைய சட்டையோ துண்டு துண்டா கிடக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பா சிரிச்சார். "ஏம்மா, பச்சை மண்ணு காயும்போதும் சுருங்கும், சூளையிலயும் சுருங்கும். அதனாலதான் அச்சையே பெரிசா எடுப்போம். நீ சுட்ட பொம்மையை அளந்துட்டுப் பச்சை மண்ணுல செஞ்சிருக்க."

உண்மைதான். பழைய சட்டை எப்பவோ சுருங்கி முடிஞ்சது. புதுத் துணியை நான் நனைக்கவே இல்ல.

பேப்பர் அளவு பத்திரமா இருக்கு. நேத்து ராத்திரி வேற துணியை ஊற வச்சேன். காலையில அப்பாவே எடுத்துக் காயப் போட்டுட்டார்.