தொழுவக் கூரைக்கு ஆணியா, போல்ட்டா?

2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் வாழையையும் ரப்பரையும் மட்டுமா சாய்த்தது? கூரைகளையும் பெயர்த்தது. காற்று தகரத்தைக் கீழிருந்து தூக்கும். வெறும் ஆணி ஆடி ஆடிக் கழன்றுவிடும். இரும்புச் சட்டமானால் அதை வளைத்துப் பிடிக்கும் கொக்கி போல்ட்டே ஏற்றது. மரச் சட்டத்துக்கு நீண்ட திருகாணி போடுங்கள். அதன் மரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். துளையைத் தகரத்தின் மேட்டில் இடவேண்டும். பள்ளத்தில் இட்டால் ஒழுகும். நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் அவசியம். மேடு நசுங்குமளவு முடுக்காதீர்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். அங்கே துத்தநாகம் பூசியதையே கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடத்தான். துருப்பிடித்தவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.