பிறர் ஆலையில் புதுமையும் சொந்தத் தொழிலும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழிலும் வாணிகமும் செய்து வளர்ந்த பெரியோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், இலக்கணம் கற்பிக்கும் எனக்குத் தொழிலைப் பற்றிப் பேச உரிமை யாது என்று நீங்கள் வினவக்கூடும். உரிமை ஒன்றுமில்லை, காரணம் ஒன்று உண்டு.

சில திங்களுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். நம் குலத்துப் பிள்ளை; தந்தையை இழந்தவன். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஆலையொன்றில் எட்டாண்டுகளாக வேலை பார்க்கின்றான். பம்பின் உறுப்பு ஒன்றைக் குறைந்த செலவில் வார்ப்பதற்கு ஒரு வழி அவனுக்குத் தோன்றியிருக்கின்றது. "ஐயா, இதை முதலாளியிடம் சொல்லி அங்கேயே செய்வதா? வெளியே வந்து சொந்தப் பட்டறை போடுவதா? நிலத்தை அடகு வைக்கலாம் என்று அம்மா சொல்லுகிறார்கள், தங்கையின் நகையும் இருக்கிறது" என்றான்.

அன்று அவனுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும் எண்ணியும் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

பிறரிடம் ஊழியம் செய்தல் இழிவு, சொந்தத் தொழிலே மானம் என்று நம் மேடைகளிற் பேசுகின்றோம். வீட்டிற்குச் சென்றதும், மாதச் சம்பளமே காப்பு என்று மக்களுக்குச் சொல்லுகின்றோம். இவ்விரண்டும் அரை உண்மைகளே. ஜப்பான் நாட்டில் அண்டை அண்டையான இரு மாவட்டங்களில் ஒரே காலத்தில் உழைத்த இருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

முதல்வர் கீச்சிரோ டொயோடா என்பவர். இவர் தந்தையாகிய சாக்கிச்சி, தானே இயங்கும் நெசவுத்தறியைக் கண்டவர். அத்தறியின் காப்புரிமைக்கு இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1929-ஆம் ஆண்டில் 1,00,000 பவுன் தர உடன்பட்டது. கீச்சிரோவின் உள்ளமோ மோட்டார் வண்டியில் நாட்டம் கொண்டது. நிறுவியவரின் மகனேயாயினும் ஆலையின் தலைமை அவரிடம் இல்லை. மைத்துனராகிய ரிசாபுரோவிடம் இருந்தது. ஆதலின் அவரும் இசைவு பெறவேண்டியவராகவே இருந்தார். 1933-ஆம் ஆண்டில் தறி ஆலைக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவொன்று தோன்றிற்று. 1935-இல் வெளிவந்த முதற் சரக்கு லாரிகள் அடிக்கடி பழுதுற்று வழியில் நின்றன. தனி மனிதன் ஒருவனாயின் அவ்விழப்பிலேயே அழிந்திருப்பான். தறி ஆலையின் பொருளும் பெயரும் அதனைத் தாங்கின. 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியே பிரிந்து நின்றது.

மற்றவர் சோயிச்சிரோ ஹோண்டா. கொல்லர் ஒருவரின் மகன். 1922-இல் டோக்கியோ நகரில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றிற் சிறுவனாகச் சேர்ந்து தொழில் கற்றார். 1928-இல் ஹமமட்சு நகரில் அப்பட்டறையின் கிளையை ஏற்று நடத்தினார். பின்னர்ப் பிஸ்டன் வளையம் செய்ய விரும்பினார், பணமிட்டோர் இசையவில்லை. அதற்காக அவர் இருந்த தொழிலை உதறிவிடவில்லை. பகலிற் பழுது பார்த்தார். இரவில் வளையம் வார்த்தார். முயற்சி பலகாலும் தோற்றது. உலோக நூல் தமக்குத் தெரியாமையே குறை என்று உணர்ந்து, முப்பது வயது கடந்தபின் தொழிற்பள்ளியில் மாணவராய் அமர்ந்தார். ஆசிரியனாகிய என் உள்ளத்தை மிக உருக்கிய செய்தி இதுவே. வளையம் கைகூடிய பின்னரே, 1939-இல், பழைய பட்டறையைத் தம்மிடம் பயின்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

அவர் அவ்வளையங்களை விற்கச் சென்ற இடம் எது? டொயோட்டாவே. ஆய்வுக்குக் கொடுத்த 50 வளையங்களுள் தேறியவை 3. மீண்டும் ஏறத்தாழ ஈராண்டு முயன்று தேறினார். 1945-இல் நிலநடுக்கம் ஆலையைச் சிதைக்க, தம் பங்குகளை டொயோட்டாக் குழுவினர்க்கே விற்றார். 1946-இல், போரில் எஞ்சிய சிறு இயந்திரங்களை மிதிவண்டியிற் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1948-இல் ஹோண்டா கம்பெனி பிறந்தது.

இவற்றால் யான் அறிவது யாது? உள்ளிருந்து புதுமை செய்வோனுக்கு இழப்பைப் பிறர் தாங்குவர். ஆனால் அவன் இசைவுக்குக் காத்திருத்தல் வேண்டும். வெளிவந்து செய்வோனுக்கு எவர் இசைவும் வேண்டா. ஆனால் இழப்பு முழுவதும் அவன் அடுப்பங்கரை வரை வரும். ஆகவே, பெரும்பொருளும் பலர் திறமையும் வேண்டும் புதுமையாயின், அதனை உள்ளேயே முயல்க. சிற்றளவில் தொடங்கித் தோற்றாலும் எழக்கூடியதாயின், வெளியே முயல்க. எவ்வாறாயினும், ஆலையின் நேரத்திலும் ஆலையின் கருவியாலும் கண்டதை முதலாளிக்குச் சொல்லாமற் கொண்டுவருதல் அறமாகாது. முதலிற் சொல்லுக; செவி சாய்க்காராயின், ஒளிவின்றி விடைபெற்று வருக.

இங்கே முதலாளிகளாய் அமர்ந்துள்ள பெரியோர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் நன்றி மறந்து கடையை விட்டுப் போகின்றனர் என்று நீங்கள் வருந்துவதைக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் போகுமுன் ஏதேனும் சொல்ல வந்தனரா, நீங்கள் கேட்டீர்களா என்பதை நினைந்து பாருங்கள். கேட்கும் செவியும் ஆதாயத்தில் ஒரு பங்கும் கிடைக்குமிடத்தை விட்டு அறிவுடைய பிள்ளை எளிதிற் போகான்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். திருமணத்துக்கும் கல்விக்கும் உதவி செய்கின்றோம். சிறு பட்டறை தொடங்கும் இளைஞனுக்கும் குறைந்த வட்டியிற் கடன் தர ஒரு நிதி ஒதுக்குவோமாக. தங்கையின் கழுத்து நகையை முதலாக வைத்து எந்தத் தமையனும் தொழில் தொடங்கும் நிலை நம்மிடையே வேண்டா.

என் மாணவன் சென்ற திங்களில் தன் முதலாளியிடம் செய்தியைச் சொல்லிவிட்டான். விடை இன்னும் வரவில்லை. அவன் இப்பொழுது மாலைதோறும் வார்ப்பியல் வகுப்புக்குச் செல்கின்றான். தாயின் நிலம் அடகு வைக்கப்படவில்லை. தங்கையின் நகை பெட்டியில் இருக்கின்றது. விடை எதுவாயினும் அவன் கலங்கான் என்று நம்புகின்றேன்.